தாழ் போடாத கதவு

சமவெளியிலிருந்து உருளைக்கிழங்கு வாங்க வருகிற வியாபாரிகள் எல்லாரும் என்னிடம் ஒரே வசனத்தைத்தான் பேசுகிறார்கள். "உங்க ஊர்ல வீடெல்லாம் பொம்பளைங்களுக்குத்தானாமே காங்? கொடுத்து வச்சவங்க நீங்க." ஷில்லாங்கின் இயூடூ சந்தையில் கடை போட்டிருக்கிற எந்தப் பெண்ணையும் காங் என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா என்று அர்த்தம். நான் சிரித்து வைப்பேன். வீடு எனக்கா, நான் வீட்டுக்கா என்று கேட்க வாய் வரை வரும். கேட்டு என்ன ஆகப்போகிறது? மூட்டையை எடை போட்டு அனுப்பிவிடுவேன்.

நான் வீட்டின் கடைக்குட்டிப் பெண். எங்கள் ஜனங்களில் வீடு கடைக்குட்டிக்குத்தான் வரும். வீடு மட்டுமா வரும்? படுக்கையில் விழுந்த கிழங்கள், பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு பெட்டியோடு வந்து நிற்கிற அண்ணன்கள், அம்மா இல்லாத பிள்ளைகள் எல்லாமே சேர்ந்து வரும். மூத்தவர்கள் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போய்விடுவார்கள். என் அக்காக்கள் மூன்று பேரும் அப்படித்தான் போனார்கள். கடைக்குட்டி மட்டும் அடுப்பங்கல் மாதிரி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

ஷில்லாங்கின் ஓரத்தில், மவ்லாயில் இருக்கிற எங்கள் வீட்டு வாசல் கதவுக்கு உள்பக்கம் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் உண்டு. நான் பார்த்து அதை யாரும் போட்டதில்லை. வீட்டு ஆள் ஒருத்தர் வெளியே இருக்கிற வரைக்கும் தாழ் போடக் கூடாது என்பது அம்மா வைத்த சட்டம். எப்போதும் யாராவது ஒருத்தர் வெளியேதான் இருந்தார்கள். காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு நாற்காலியை நகர்த்தி வைப்போம். திருடன் வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வெடுத்துவிட்டுத்தான் திருடுவான் என்று என் கணவர் ஸ்டார்வெல் கேலி செய்வார். அவர் எங்களோடு இருந்த காலத்தில்.

அம்மாவின் பெயர் சிபோன். சந்தையில் அந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் தரகர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். சின்ன வயதில் நெற்றியில் பட்டை கட்டி, முதுகில் கிழங்குக் கூடையைச் சுமந்து சந்தைக்கு நடந்து வந்தவள். எங்கள் பக்கம் தூரத்தைப் பாக்குக் கணக்கில் சொல்வோம். ஒரு பாக்கை மென்று முடிக்கிற நேரம் நடந்தால் ஒரு பாக்குத் தூரம். அம்மாவின் கிராமம் சந்தையிலிருந்து பதினோரு பாக்குத் தூரம். அந்தப் பட்டையின் தடம் எண்பது வயதிலும் அவள் நெற்றியில் பள்ளமாக இருக்கிறது. கூடைக்காரியாக வந்தவள் கடை பிடித்தாள், நிலம் வாங்கினாள், யார் தயவும் இல்லாமல் இந்த வீட்டைக் கட்டினாள். அப்பா இந்த வீட்டில் விருந்தாளி மாதிரி இருந்தார். விருந்தாளி மாதிரியே ஒரு நாள் கிளம்பியும் போய்விட்டார்.

எனக்கும் அம்மாவின் ரத்தம்தானே? இருபத்திரண்டு வயதில் எனக்கு லாரிப் பைத்தியம் பிடித்திருந்தது. எங்கள் கிழங்கை ஏற்றிப் போகிற டிரைவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். குவாஹாட்டியில் ஒரு அறை எடுத்துத் தங்கி, தரகர் யாரும் இல்லாமல் நேரடியாக விற்று, சொந்தமாக ஒரு லாரி வாங்குவது என்று திட்டம். லாரியின் முகப்பில் என் பெயர் எழுதவேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். தப்லின் என்று, சிவப்பில்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. தலை நிமிரவும் இல்லை.

"போறதுன்னா போடி. நான் கதவத் தாழ் போடமாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். நான் பெட்டியோடு லாரியில் ஏறினேன். பாதி வழியில் இருக்கிற நாங்போவில் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். கறுப்பு எள் போட்ட பன்றிக்கறியும் சோறும் முன்னால் இருந்தது. எனக்கு அந்தக் கதவுதான் கண்ணில் நின்றது. நாற்காலி, அதற்குப் பின்னால் அம்மா, அவள் காது வாசல் பக்கம். மலை ஏறி வருகிற வண்டி ஒன்றில் ஏறி அன்று மாலையே வீடு திரும்பினேன். திட்டியிருந்தால் போயிருப்பேன். இன்றைக்கு வரைக்கும் எனக்கு அதுதான் ஆத்திரம்.

பிறகு ஸ்டார்வெல் வந்தார். பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனிதர். மாநிலத்தின் மறுகோடியில் இருக்கிற துராவுக்கு மாற்றல் வந்தபோது நீயும் வா என்றார். கடைக்குட்டி எப்படி வருவது? லீவுக்கு லீவு வந்துபோனார். பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும் வந்தார். பிறகு துராவிலேயே ஒரு குடும்பம் ஆகிவிட்டது. யாரையும் குற்றம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. எங்கள் மகள் இபான்ரி மட்டும் எனக்கு மிஞ்சினாள். இபா என்று கூப்பிடுவோம். ஒரே மகள் என்பதால் மூத்தவளும் அவள்தான், கடைக்குட்டியும் அவள்தான்.

இபாவுக்கு மீன் பைத்தியம். அதுவும் கண்ணில்லாத மீன். எங்கள் மலைக்கு அடியில் இருக்கிற குகைகளில் இருட்டிலேயே வாழ்கிற வெள்ளை மீன்களைத் தேடிச் சேற்றில் ஊர்ந்துபோய்ப் படித்தாள். போன மாதம் ஜெர்மனியில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. செய்தியைச் சொன்னபோது அவளைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டே, மூன்று வருடத்துக்கு எத்தனை சாயங்காலம் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து உறவுகள் வீட்டுக்கு வந்தார்கள். மூத்த அக்கா மெரிடா, அவள் கடைசி மகள் ரிசா, அம்மாவின் தம்பி கிர்மென் மாமா. எங்களில் தாய்மாமன் பேச்சுக்கு மரியாதை உண்டு. கிர்மென் மாமா அந்த மரியாதையை எல்லாம், கனவில் வந்ததற்கு ஒரு நம்பர் கணக்குப் பார்த்துப் பணம் கட்டுகிற அம்புப் பந்தய லாட்டரியில் தொலைத்தவர். இருந்தாலும் மாமா மாமாதானே?

மழைக்காலத்திலிருந்து அம்மாவுக்குக் கால் வராது. முன்னறையில் கரியடுப்புப் பக்கத்தில் கட்டில் போட்டிருந்தோம். கட்டம் போட்ட சால்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"ஜெர்மனி எத்தன பாக்குத் தூரம்டி?"

"பிளேன்ல பாக்கு மெல்ல விடமாட்டாங்க பாட்டி" என்றாள் இபா.

"பாக்கு மெல்ல விடாத வண்டியில எதுக்குப் போறே? அந்த மீன் நம்ம குகையிலதான இருக்கு? கண்ணு வேற கிடையாது. எங்க ஓடிடப்போவுது?"

"மீன் இங்கதான் இருக்கு பாட்டி. அத ஆராயுற மெஷின்தான் அங்க இருக்கு."

"கண்ணில்லாத மீன் கனவுல வந்தா என்ன நம்பர் கட்டுறது?" என்றார் மாமா. நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

மெரிடா அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எல்லாம் சரி. மூணு வருஷம்னு போவா. அங்கயே ஒருத்தனக் கட்டிக்குவா. நாளைக்கு அம்மா கண்ண மூடுனா வீடு தப்லினுக்கு வரும். தப்லினுக்கு அப்புறம் யாரு? கடைக்குட்டி வீட்டுல அடுப்பு அணையலாமா? இபா, நீ போகக் கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா நீ போகக் கூடாது."

"அப்ப சொல்றீங்கதானே பெரியம்மா?"

"வீடு சொல்லுதுடி. நான் யாரு சொல்ல?"

எனக்குள் ஒரு சந்தோஷம் குபுக்கென்று வந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம். அக்கா தடுக்கட்டும், வீடு தடுக்கட்டும், ஊர் வழக்கம் தடுக்கட்டும். என் வாயால் எதுவும் சொல்லாமல் என் மகள் என்னோடு இருந்துவிடுவாள். நான் எழுந்து அரிசி அப்பத்தை எல்லாருக்கும் இன்னொரு தடவை எடுத்து வைத்தேன். இபா என்னையே பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

மாமாதான் அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டார். பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு சாவகாசமாகச் சொன்னார்.

"ஏன்டி மெரிடா, இது பரம்பர வீடுன்னு உனக்கு யாரு சொன்னா? அக்கா சுமந்து சம்பாரிச்ச வீடு. பரம்பரச் சொத்துன்னாத்தான் கடைக்குட்டிக்குப் போயே ஆகணும். தானா சம்பாரிச்சத உசுரோட இருக்கறப்ப யாருக்கு வேணா குடுக்கலாம். கோழிக்குக்கூடக் குடுக்கலாம். தப்லின் கைக்கு ஒரு தடவ போச்சுன்னாத்தான் இது பரம்பர வீடு. அப்புறம் யாராலயும் அசைக்க முடியாது."

எல்லாரும் கோழியை நினைத்துச் சிரித்தார்கள். எனக்கு மட்டும் காது அடைத்தது. இது எங்களுக்குத் தெரியாத வழக்கமா? அக்கம்பக்கத்து வீட்டுத் தகராறுகளில் நானே இதை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்கும் இது பொருந்தும் என்று முப்பது வருடமாக எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா இதில் உட்கார்ந்திருந்த தோரணைக்கு, இந்த வீடு மலையோடு சேர்ந்தே முளைத்தது என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம்.

மற்றவர்கள் சமையலறைக்குச் சாப்பிடப் போனார்கள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"நெலத்த வாங்குனவளுக்குத் தெரியாதா?"

"அப்ப அன்னிக்கி நான் குவாஹாட்டி போறேன்னு நின்னப்ப... நெனச்சிருந்தா வீட்ட வேற யாருக்காவது சொல்லிட்டு என்ன விட்டிருக்கலாம்."

"போன்னுதான சொன்னேன்?"

"கதவத் தாழ் போடமாட்டேன்னும் சொன்னே."

அம்மா கரியைக் கிளறினாள். கிளற அங்கே ஒன்றும் இல்லை.

"கூடையத் தூக்கிக்கிட்டு இருட்டுல நடந்தப்பகூட நான் பயந்ததில்ல. புலி வரும்னாங்க, வரட்டும்னு நடந்தேன். இந்த வீட்டக் கட்டி, உங்கப்பா போயி, உங்கக்காளுங்க மூணு பேரும் போனதுக்கப்புறம், கடையிலேருந்து வந்து வெளக்கப் போடுவேன் பாரு. அப்ப வந்துச்சு பயம். யார்கிட்டப் போயி சொல்லுறது? சிபோனுக்குப் பயமாம்னு சந்தையே சிரிக்கும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் லாரி, என் அறை, ஸ்டார்வெல்லோடு துராவில் நான் கழித்திருக்க வேண்டிய வருடங்கள், எல்லாவற்றையும் அவள் முகத்தில் எறியலாம் போல இருந்தது. எறிந்திருப்பேன். ஆனால் அவள் சொன்ன அந்தச் சாயங்காலம் எனக்கும் தெரிந்த சாயங்காலம். கடையிலிருந்து வந்து விளக்குப் போடும்போது, இபா இன்னும் வராத நாட்களில், அது எனக்கும் வந்திருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பேர் இத்தனை வருடம் தனித்தனியாகப் பயந்திருக்கிறோம். ஒருத்திக்கும் வாயைத் திறந்து சொல்லத் துணிச்சல் இல்லை.

"இப்ப உன்கிட்டக் கேக்குறேன்" என்றாள் அம்மா. "ரிசா பேரச் சொல்லிடவா? சொல்லிட்டா இபாவ இழுத்துப் புடிக்க இங்க ஒண்ணும் இருக்காது. திரும்பி வந்தா வருவா. வராமலும் போவா. நானும் ரொம்ப நாள் இருக்கமாட்டேன். நீ தனியா இருந்துக்குவியா?"

சமையலறையில் இபா சிரித்தாள். மாமா ஏதோ நம்பர் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பு இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியாது. முடியாது என்று நன்றாகத் தெரிந்துதான் சொன்னேன்.

"சொல்லிடும்மா."

சாப்பாடு முடிந்ததும் அம்மா எல்லாரையும் கூப்பிட்டாள். கட்டிலில் நிமிர்ந்து உட்கார வைக்கச் சொன்னாள். சந்தையில் விலை சொல்கிற அதே குரல்.

"கிர்மென், நீ சாட்சி. இந்த வீடு நான் சம்பாரிச்சது. எனக்கப்புறம் மெரிடாவோட கடைக்குட்டி ரிசாவுக்கு. தப்லின் உசுரோட இருக்கற வரைக்கும் இங்கதான் இருப்பா. அவள இங்கேருந்து யாரும் எழுப்பக் கூடாது. எழுப்புனா நான் கடவுள் வீட்டு வாசல்ல பாக்கு மென்னுக்கிட்டு இருந்தாலும் எந்திரிச்சு வருவேன்."

எங்களில் செத்தவர்கள் கடவுள் வீட்டு வாசலில் பாக்கு மென்றுகொண்டிருப்பதாகத்தான் சொல்வோம். "அந்த வீடு நீ கட்டுனது இல்லக்கா, அங்க நீ வாடகைக்குத்தான்" என்றார் மாமா.

கடைக்குட்டி வீட்டு அடுப்பு அணையலாமா என்று சற்று முன்பு கேட்ட மெரிடா அக்கா, ஜன்னலுக்கு என்ன நிறத் திரை பொருந்தும் என்று கண்ணாலேயே அளக்க ஆரம்பித்துவிட்டாள். ரிசா பாவம், கல்யாணத்துக்குப் பார்த்திருந்த பையன் கல்கத்தாவில் வேலையில் இருந்தான். அவள் முகம் செத்துப்போயிற்று. என் மகள் தலையிலிருந்து இறங்கிய கூடை இன்னொரு தலையில் ஏறிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் விஷயத்தை அவள் அம்மா பார்த்துக்கொள்ளட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒருத்தியைத்தான் என்னால் இறக்கிவிட முடிந்தது.

இபா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"என்னம்மா இது? உன் வீட்டையா குடுத்துட்டே?"

"என் வீடா அது? உங்க பாட்டி வீடு."

"அப்ப நீ?"

"நான் கெழங்கு விக்கிறேன். வேறென்ன?"

கிளம்புகிற நாளும் வந்தது. குவாஹாட்டி விமான நிலையத்துக்குச் சுமோ வண்டி பிடிக்க இருவரும் ஸ்டாண்டுக்குப் போனோம். தூறல். டிரைவர் பெட்டியை மேலே ஏற்றித் தார்ப்பாய் கட்டினான். நாங்போவில் சாப்பிடு, வெறும் வயிற்றோடு விமானம் ஏறாதே என்றேன். காய்ந்த மீன் சட்னியை மூன்று பாலிதீன் போட்டுக் கட்டியிருக்கிறேன், நாறாது என்றேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். இபா ஒரு காலை வண்டியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

"அம்மா. ஒரே ஒரு தடவ சொல்லு. நான் இருந்துடவா? நீ சொன்னா இருந்துடறேன். சத்தியமா எனக்குக் கோவம் வராது."

என் நாக்கு நுனியில் அது தயாராக உட்கார்ந்திருந்தது. போறதுன்னா போடி, நான் கதவத் தாழ் போடமாட்டேன். எவ்வளவு அன்பான வார்த்தை! யார் கேட்டாலும் நல்ல தாய் என்றுதான் சொல்வார்கள். அவள் போய்விடுவாள், நாங்போ வரைக்கும். அங்கே சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அந்தக் கதவை நினைப்பாள். அடுத்த வண்டியில் என்னிடம் வந்துவிடுவாள். எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். நானே வந்தவள் ஆயிற்றே.

"ஏறுடி" என்றேன். "நீ போ. நான் போயி கதவத் தாழ் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கப்போறேன். இருபத்தாறு வருஷமா உன்னால எனக்குத் தூக்கமே இல்ல."

அவள் முகம் சுருங்கியது. அறை வாங்கிய மாதிரி நின்றாள். தாழ் போடுவது என்றால் எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டி வளைவு திரும்பும்போது கையாட்டுவாளோ என்று பார்த்தேன். ஆட்டவில்லை. அது நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டேன். அந்த நல்லதை வைத்துக்கொண்டு எங்கே போய் உட்காருவது என்றுதான் தெரியவில்லை. நேரே கடைக்குப் போய் ஒரு தரகனிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டேன். அம்மாவுக்குப் பால் விடாத தேநீர் கொடுத்தேன். இபா நாங்போ தாண்டிவிட்டதாகவும் சாப்பிட்டுவிட்டதாகவும் போனில் ஒரு வரி அனுப்பியிருந்தாள். அம்மா என்று ஆரம்பிக்கவில்லை. ஆனாலும் தாண்டிவிட்டாள்.

நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டுக் கதவருகே போனேன். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. கடுகெண்ணெய் விட்டுப் பார்த்தேன், அசையவில்லை. பாக்குவெட்டியின் கைப்பிடியால் தட்டினேன். துரு உதிர்ந்து கையெல்லாம் சிவப்பாகிவிட்டது. இன்னும் பலமாகத் தட்டினேன்.

"என்னடி சத்தம்?" என்றாள் அம்மா கட்டிலிலிருந்து.

"தாழ் போடுறேன்."

"வெளிய யாரு?"

அது அவள் வைத்த சட்டம், அவள் கேட்கத்தான் செய்வாள். நான் கடைசியாக ஒரு தட்டுத் தட்டினேன். தாழ் விழுந்தது.

"வெளிய யாரும் இல்லம்மா."

அடுப்பில் கரி ஒன்று வெடித்தது. பிறகு, என் வாழ்நாளில் அவளிடம் நான் கேட்டிராத ஒரு சின்னக் குரலில் சொன்னாள்.

"நல்லா விழுந்துச்சா? ஒரு தடவ இழுத்துப் பாரு."

இழுத்துப் பார்த்தேன். கதவு அசையவில்லை. அதன் மேலேயே நெற்றியை வைத்துக்கொண்டு அழுதேன்.